பென்சிலில் எழுதிய சொல்

பிப்ரவரி 9, புவாந்தாப்பித்ர்

பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப்பில் இரண்டாம் நாள். காலை ஏழு மணிக்கே சந்தைக்குப் போய்விட்டேன். ஜாதிக்காய், பட்டை, வனிலா எல்லாம் சின்னச் சின்னக் குவியல்களாக இருந்தன. தலையில் கட்டம் போட்ட துணியை முடிந்திருந்த அம்மா ஒருவர், "வா, தூதூ!" என்று கூப்பிட்டார். நம் ஊர்ச் சந்தையில் "வா கண்ணு" என்று அழைப்பது போலத்தான். அந்தத் துணிக்கு இங்கே 'மதராஸ்' என்று பெயர். அவர் அள்ளிக் காட்டிய மஞ்சள் நிறப் பொடி 'கொலோம்போ'. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி முகர்ந்தேன். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். மிளகாய் வாடை இல்லை. மற்றபடி காரைக்காலில் எங்கள் வீட்டுக் குழம்புப் பொடிதான். குழம்புதான் 'கொலோம்போ' ஆனது என்பார்கள் சிலர், கொழும்பு நகரத்தின் பெயர் என்பார்கள் சிலர். என் மூக்கு குழம்பின் பக்கம்.

1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' கப்பல் இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களை இறக்கியது. 1889 வரை 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புக் காடு. ஊர் திரும்பியவர்கள் கால்வாசிகூட இல்லை.

பிப்ரவரி 10

இன்று முழுவதும் மெமோரியால் ஆக்ட். பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகம். கறுப்புக் கல் சுவரின் மேல் வெள்ளி வேர்கள் படர்ந்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். 1794இல் விடுவித்த மக்களை 1802இல் நெப்போலியன் மறுபடி அடிமையாக்கினான். அதற்கு உடன்படாத லூயி தெல்கிரேசும் அவருடைய தோழர்களும் மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தாங்களும் மாய்ந்தார்கள். 1848இல்தான் உண்மையான விடுதலை. விடுபட்டவர்கள் விட்டுப்போன கரும்பு வெட்டத்தான் நம்மவர்களை ஏற்றிவந்தார்கள். இது தெரியாமல் நம் கப்பல்களின் கதையை மட்டும் சொல்வது நியாயமில்லை.

மாலையில் தெருவோரம் க்வோ கா மேள முழக்கம். இரண்டு 'பூலா' ஒரே தாளத்தைப் பிடித்துக்கொள்ள, 'மக்கே' வாசிப்பவர் ஆடுகிறவளின் பாதத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மேளத்துக்கு அவள் ஆடவில்லை; அவள் காலுக்கு மேளம் பேசியது. கால் வலிக்க நின்று பார்த்தேன்.

பிப்ரவரி 11

சூஃப்ரியேர் எரிமலை, 1,467 மீட்டர். உச்சியில் மேகமும் கந்தக நெடியும்தான். 1976இல் இது குமுறியபோது 70,000 பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்களாம். அடிவாரத்து வெதுவெதுப்பான குளத்தில் இறங்கி உட்கார்ந்ததும் அலுப்பெல்லாம் போய்விட்டது.

பிப்ரவரி 12, கப்பெஸ்தேர்

சாஞ்ஜி கோயில். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் வண்ணச் சிலைகளோடு நிற்கிறது. மாரியம்மன் இங்கே 'மாலியேமேன்', மதுரைவீரன் 'மால்தேவிலேன்'. தப்பு 'தப்பூ', மத்தளம் 'மத்தலோன்'. ஆன்ரி சிதம்பரோம் பிறந்த ஊரும் இதுதான். இந்தியர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904இல் வழக்காடத் தொடங்கியவர், 1923 வரை விடவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லையே என்று மனசு ஆறவில்லை.

பூசை செய்யும் பெரியவர் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அம்மன் பாட்டுகள், எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். காதால் கேட்டுக் கேட்டு எழுதியவை. தமிழ் பேச வராது அவருக்கு. ஆனால் ராகம் பிசகாமல் பாடினார். பாடிவிட்டு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. இன்னொரு முறை பாடச் சொன்னேன். மூன்றாம் தடவைதான் விளங்கியது: அடைக்கலம்.

எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். போக்கிடம் இல்லாதவர் உங்கள் வாசலில் வந்து நின்றால் நீங்கள் தருவது. அவர் தலையாட்டி, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லுக்கு மேலே பொடி எழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.