ஆற்றின் அடியிலும் கற்கள்

தியானப் பகுதி: யோசுவா 4:1-9



புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் உலாவியிருப்பீர்களானால், வெண்தூண்களுக்கு நடுவே ஒரு படைவீரனின் சிலை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் அது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், நாம் இன்றும் புஸ்ஸி வீதி என்று அழைக்கும் லால் பகதூர் சாஸ்திரி தெருவில், 'ஃபுவாயே து சொல்தா' என்னும் கட்டடம் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் கூடும் இடம் அது. 'ஃபுவாயே' என்றால் கணப்பு, வீட்டின் அடுப்பங்கரை. 'சொல்தா' என்ற சொல்லை நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. 'சொல்தா வீட்டுப் பிள்ளை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர்!

நம் சபையிலும் ஒரு சொல்தா இருந்தார். ஒவ்வொரு நவம்பர் 11-ஆம் நாளும், 1918-இல் அந்தப் போர் ஓய்ந்த நாளை நினைவுகூரும் பொருட்டு, தம் பதக்கங்களைக் கோட்டில் குத்திக்கொண்டு நினைவுச்சின்னத்திற்குப் போவார். அவர் போரிட்டதோ அந்தப் போரில் அன்று, இந்தோசீனாவில். 1954-ஆம் ஆண்டு அந்தப் போர் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுச்சேரி நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரு பேரரசுக்காகத் துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள், அந்தப் பேரரசு விலகிக்கொண்டிருந்த ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் அவர்களுடைய ஓய்வூதியத்தைக் கண்டு பொறாமைப்பட்டார்கள்; சிலர் அந்நியனுக்கு உழைத்தவர்கள் என்று பழித்தார்கள். அவர்கள் கண்டது என்ன என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அந்த நாளில் நினைவுச்சின்னத்திற்கு அழைத்துச் சென்றேன். நிகழ்ச்சி முடிந்தபின், பெரியவரைச் சூழ்ந்து நின்று அவர் பதக்கங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் யாரையாவது சுட்டிருக்கிறீர்களா?"

நான் விரைந்து அவன் தோளைப் பற்றி, "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கிவிட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அவர் என் வீட்டிற்கு வந்தார்.

"ஐயா, அந்தப் பிள்ளையை ஏன் தடுத்தீர்கள்? இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்" என்றார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். தகப்பனாரின் கடனை அடைக்கத்தான் படையில் சேர்ந்தாராம். ஒரு பாலத்தைக் காவல் காத்தபோது, இருட்டில் ஏதோ அசைந்தது. சுட்டார்கள், அவரும் சுட்டார். ஒரு குரல் கேட்டது; பிறகு அது நின்றது. "விடிந்ததும் மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. அங்கே கிடந்தது யார் என்று அவர்களிடம் கேட்கவும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பிரியமானவர்களே, பதினோரு ஆண்டுகள் நான் அவருக்குத் திருவிருந்து பரிமாறியிருந்தேன். நீட்டிய அந்தக் கைகளில் என்ன பாரம் இருந்தது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. மரியாதை என்று நான் எண்ணியிருந்தது உண்மையில் என் அச்சமே.

யோசுவாவின் புத்தகத்தைத் திறந்தேன். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து கற்களை எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் இந்தக் கற்களைக் குறித்துக் கேட்பார்கள், அப்போது பதில் சொல்லுங்கள் என்பதே கட்டளை. கேள்வி கேட்கும் பிள்ளையைக் கர்த்தர் முன்னமே எதிர்பார்த்திருந்தார். நானோ அவன் வாயை அடைத்தேன்.

நாம் எளிதில் கடந்துபோகும் இன்னொரு வசனமும் அங்கே உண்டு. ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்தில், ஆற்றுக்குள்ளேயே, யோசுவா வேறு பன்னிரண்டு கற்களை நாட்டினான். தண்ணீர் திரும்பி வந்து அவற்றை மூடியது. கரையிலுள்ள கற்களை ஊரார் எல்லாரும் கண்டார்கள். ஆற்றின் அடியில் உள்ளவற்றைக் கர்த்தர் மட்டுமே கண்டார். ஆயினும் அவையும் எண்ணப்பட்டவை; வேதத்தில் எழுதப்பட்டவை.

அந்த வசனத்தைப் பெரியவர் இருமுறை வாசித்தார். பிறகு ஐம்பத்தோராம் சங்கீதத்தைத் தாமே எடுத்து வாசித்தார். நாங்கள் முழங்கால்படியிட்டோம். அவர் அழுதார், நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தச் சிறுவனை அழைத்து, ஆலயப் படிக்கட்டில் தம் அருகே உட்காரவைத்தார். "சுட்டேன், தம்பி. யார்மேல் பட்டது என்று எனக்குத் தெரியாது. அவருடைய வீட்டாருக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன்" என்றார். சிறுவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நானும் ஜெபிக்கட்டுமா, தாத்தா?" என்று கேட்டான்.

உங்கள் குடும்பத்திலும், உங்கள் தெருவிலும், பதக்கம் அணிந்தவரோ அணியாதவரோ, சொல்லாத ஒன்றைச் சுமக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். நினைவுச்சின்னத்திற்கு மலர்வளையம் வைப்பது நல்லது. ஆனால் கல் பேசாது; மனிதர் பேசுவார், கேட்பவர் அருகே இருந்தால். இந்த வாரம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். துருவிக் கேட்க வேண்டாம். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவும் வேண்டாம். அவர் சொல்ல விரும்பும்போது கேட்பதற்கு அங்கே இருங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டால் தடுக்காதீர்கள்.

ஜெபம்: ஆழத்தில் கிடப்பதையும் காண்கிற ஆண்டவரே, நாங்கள் கேட்க அஞ்சியதை எங்களுக்கு மன்னியும். எங்கள் மூத்தோரின் பாரத்தை உம் பாதத்தில் இறக்கிவைக்க, கேட்கும் செவிகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.