கூடாரம் அடித்தோம், பாடம் படித்தோம்!

"மேல்விஷாரம் போகிறேன்" என்று நான் சொன்னதுதான் தாமதம். "எனக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கி வாருங்கள்" என்றாள் என் மனைவி. ஊர்களின் பெயரெல்லாம் அவளுக்குச் சாமான்களின் பெயராகத்தான் ஞாபகம் இருக்கும். காஞ்சிபுரம் என்றால் புடவை. திண்டுக்கல் என்றால் பூட்டு. மேல்விஷாரம் என்றால் தோல்!

"செருப்பு வாங்குவதற்காக அல்ல. அங்கே என் சிநேகிதர் வீட்டில் இறங்கி, அவர்கள் குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போய், ஒரு ராத்திரி கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். நீயும் குழந்தைகளும் கூட வருகிறீர்கள்" என்றேன்.

"கூடாரமா? சர்க்கஸ்காரர்கள் மாதிரியா?" என்று அவள் கேட்டாள். ஆனால் அன்று மாலையே பெட்டியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்திருக்கும். சினிமா, கடற்கரை, ஹோட்டல் எல்லாம் அலுத்துப் போய், "ஒரு நாள் மலையில் தங்கலாமே" என்று குழந்தைகள் கேட்கிற காலம் இது. அப்படிப் போகிறவர்களுக்குப் பிரயோஜனப்படட்டும் என்றுதான் எங்கள் அனுபவத்தை, அதில் நாங்கள் செய்த அசட்டுத்தனம் உள்பட, எழுதுகிறேன்.

மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஊர். தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் போட்ட ஊர் என்று அதைச் சொல்ல வேண்டும். 1965-இல் துவங்கிய சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி அந்தப் பெருமைக்குச் சாட்சி. பக்கத்தில் ஆற்காடு, அங்கே மக்கன் பேடா வாங்காமல் வந்தால் குழந்தைகள் மன்னிக்க மாட்டார்கள்.

சிநேகிதர் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டியம்மா ஒருவர் இருக்கிறார். எங்கள் உத்தேசத்தைக் கேட்டதும் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்க காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதம் பண்ணுவாங்க. கடுக்காய் அந்த ஜவ்வாது மலையிலேருந்துதான் மூட்டை மூட்டையா வரும். மலை நமக்கு நிறையக் கொடுத்திருக்கு. நீங்க அங்கே போய் என்ன கொடுத்துட்டு வரப் போறீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒன்றும் கொடுக்கப் போவதில்லை பாட்டி, சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறோம்" என்று சிரித்து மழுப்பினேன்.

பாட்டி சிரிக்கவில்லை. "பாலாத்துல கையால மணலைத் தோண்டினா ஊத்து வரும். தேங்காய்த் தண்ணி மாதிரி இருக்கும். அப்படிக் குடிச்சு வளர்ந்தவ நான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். பட்டைக்குப் பதில் குரோமிய உப்பும் மற்ற ரசாயனங்களும் வந்தன. கழிவு நீர் ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. வேலூர்க் குடிமக்கள் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதே பாலாற்றைப் பற்றி 2025 ஜனவரியில் அந்தக் கோர்ட்டே மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சோறு போடுகிற தொழில் இது; அதைக் குறை சொல்லுவது என் நோக்கமல்ல. ஆனால் சீக்கிரத்தில் கெடுத்த தண்ணீரைச் சீர்ப்படுத்த எத்தனை தலைமுறை ஆகிறது பாருங்கள்!

மறுநாள் காலை கிளம்பினோம். சிநேகிதரின் மனைவி விடியற்காலையிலேயே எழுந்து ஒரு பெரிய டேக்சா நிறைய பிரியாணி செய்து, மூடியைத் துணியால் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டார். வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பிரதேசம் முழுவதையும் கடந்து, ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. சாலையோரம் சாமை அறுத்த வயல்களும், பலா மரங்களும், புளிய மரங்களுமாக இருந்தன.

வழியில் காவலூர். வேணு பாப்பு வானாய்வுக் கூடம் இங்கேதான் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் உலகம் தெரிந்துகொண்டபோது அந்தக் கண்டுபிடிப்பில் இந்த மலைக்கும் பங்கு இருந்தது. இத்தனை பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை இந்த மலையில் கொண்டுவந்து வைப்பானேன்? இங்கே இரவு இருட்டாக இருக்கிறது என்பதுதான் காரணம்! இருட்டும் ஒரு சொத்து என்பது பட்டணத்துக்காரனான எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன மலைக் கிராமம். அறுவடை முடிந்த தம் வயலில் தங்கிக்கொள்ள ஒரு பெரியவர் சம்மதித்திருந்தார். வயலை ஒட்டி ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் காப்புக்காடு, சர்க்கார் நிலம். "அந்தப் பக்கம் இன்னும் அழகாக இருக்கிறதே, அங்கேயே அடிக்கலாமே" என்று என் பையன் குதித்தான்.

பெரியவர் தலையை ஆட்டினார். "வேணாம் கண்ணு. காட்டுக்குள்ள ராத்தங்க உத்தரவு கிடையாது. கரடி நடமாட்டமும் உண்டு." ஓடைக் கரையிலாவது அடிக்கலாம் என்றால் அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. "மேலே எங்காவது மழை பெஞ்சா ராத்திரியில தண்ணி வந்துடும். அதுவுமில்லாம, எல்லா உசுரும் தண்ணி குடிக்க வர்ற வழி இது. நீங்க குறுக்கே படுத்தா அதுங்க எங்கே போகும்?" என்றார். கடைசியில் ஓடையிலிருந்து நூறு தப்படி தள்ளி, கெட்டித் தரையில் இரண்டு கூடாரங்களை அடித்தோம்.

அன்றிரவு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தோமே, அதை எழுத்தில் சொல்ல முடியாது. பேசிக்கொண்டே இருக்கும் என் மனைவி கூடப் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி எங்கள் அசட்டுத்தனம்.

காலையில் எழுந்ததும், "பெண்கள் இன்றைக்கு ஓய்வு எடுக்கட்டும், பாத்திரத்தை நாம் தேய்ப்போம்" என்று நானும் சிநேகிதரும் பெருந்தன்மையோடு டேக்சாவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனோம். சோப்பும் நாருமாகத் தேய்த்துத் தள்ளினோம். நெய்யும் மசாலாவும் நுரையுமாகத் தண்ணீர் கீழே ஓடியது. வேலையில் மும்முரமாக இருந்த எங்களுக்குச் சற்றுக் கீழே ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றது தெரியவில்லை.

தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி, பாறைகளின் மேலே ஏறி, நாங்கள் தொடாத தண்ணீரைத் தேடிப் போய்விட்டாள்.

சிநேகிதர் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "பாலாத்துக்குப் பண்ணினதையே இங்கேயும் பண்ணிட்டோமேப்பா! பாட்டி கேட்டாங்களே, என்ன கொடுத்துட்டு வரப் போறீங்கன்னு?" என்றார்.

திரும்பி வரும்போது அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லைங்க, ஒரு நாள்தானே" என்றாள். ஆனால் நேயர்களே, நமக்குத்தான் அது ஒரு நாள். சனிக்கிழமைதோறும் ஒரு குடும்பம் வந்தால் அவளுக்கு வருஷம் முழுவதும் அந்த நாள்தான்!

நம்முடைய பாஷையில் 'புறம்போக்கு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வரி விதிக்காமல் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலம் என்பது அதன் அர்த்தம். மேய்ச்சல் தரை, ஏரி, ஓடை எல்லாம் அதில் அடக்கம். அந்த நல்ல வார்த்தையை நாம் வசவாக்கிவிட்டோம். எல்லோருக்கும் சொந்தமானது என்பதை, யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்துக்கொண்டதால் வந்த வினை. ஸ்வீடன் தேசத்தில் யார் வேண்டுமானாலும் பிறர் நிலத்தில்கூட ஒரு ராத்திரி கூடாரம் அடிக்கலாம் என்ற பழைய உரிமை உண்டு. 'தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே' என்பதே அதற்கு நிபந்தனை. உரிமையையும் பொறுப்பையும் அவர்கள் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் முதல் விஷயம் அனுமதி. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இதை வெறும் சர்க்கார் கெடுபிடி என்று எண்ணிவிட வேண்டாம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப் பிரயாணம் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் இளம் பெண்கள், உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையினர் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தார்கள். நம் பக்கத்தில் ஏலகிரி–சுவாமிமலை, ஜலகம்பாறை ஆகியவை அதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் நடந்துவிட்டு வரலாம். காட்டுத் தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது "எப்படியாவது" போக முயற்சி செய்யாதீர்கள். ராத்தங்குவதானால் மலைக் கிராமத்தில், நிலத்துக்கு உடையவரைக் கேட்டுத் தங்குங்கள்.

மற்றவை வீட்டு நிர்வாகம் தெரிந்த பெண்களுக்குச் சுலபமான காரியங்கள்.

பாத்திரமோ துணியோ உடம்போ, எதையும் ஓடையில் கழுவக் கூடாது. வாளியில் தண்ணீர் மொண்டு, எண்பது தப்படியாவது தள்ளிப் போய்க் கழுவி, மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். சீயக்காய் ஆனாலும் சரி, சோப்பு ஆனாலும் சரி, இதே சட்டம்தான்.

சமையலுக்குச் சின்ன அடுப்பு கொண்டு போங்கள். காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளி நமக்குக் குப்பையாகத் தோன்றும். மலைப் பெண்களுக்கு அது அடுப்பெரிக்கும் விறகு. கிராமத்தில் சம்மதம் வாங்கி நெருப்பு மூட்டினாலும், தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே நகர வேண்டும்.

சொல்லக் கூசுகிற விஷயம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கழிப்பிடம் இல்லாத இடத்தில், தண்ணீருக்கு எண்பது தப்படி அப்பால், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். இதற்கென்று ஒரு சின்ன மண்வெட்டி போதும். மாதவிலக்கு நாட்களில் உபயோகித்தவற்றையும், குழந்தையின் டயப்பரையும் புதைக்கக் கூடாது. நாய் நரி தோண்டிவிடும். காகிதத்தில் சுற்றி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்துத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

குப்பைக்கு ஒரு கோணிப்பை. பழத் தோல் மக்கிவிடும் என்று எறியாதீர்கள். மக்குவதற்கு முன் குரங்கு வந்துவிடும். பிறகு அடுத்து வருகிறவர்கள் கையிலிருந்து பிடுங்கவும் பழகிக்கொள்ளும். சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். கரடிக்கு மோப்ப சக்தி அதிகம். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளர் இருக்க அது எதற்கு? பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். காட்டுக்கே ஒரு பாட்டு இருக்கிறது.

திரும்புகிற வழியில் ராணிப்பேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைக் குவியலாக அப்படியே விட்டுச் சென்றது. "இருபது வருஷம் ஆலை நடத்தினாலும் சரி, ஒரு ராத்திரி கூடாரம் அடிச்சாலும் சரி, கிளம்பும்போது பின்னாலே திரும்பிப் பார்க்கணும்ப்பா" என்றார் சிநேகிதர். தோல் ஊர்க்காரர் சொல்லும்போது அந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

மேல்விஷாரம் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், பாட்டியம்மா முதலில் பார்த்தது எங்கள் தோளிலிருந்த கோணிப்பையைத்தான்.

"மலையிலேருந்து என்ன கொண்டாந்தீங்க தம்பி? கடுக்காயா?"

"குப்பை, பாட்டி! நாங்கள் போட்ட குப்பை. அத்தோடு வழியில் பிறர் போட்டதில் கொஞ்சம்." பிறகு, டேக்சா விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பொண்ணு மேலே ஏறிப் போனா, நல்ல தண்ணி கிடைச்சுதில்லே? எங்களுக்கு மேலே போக இடமில்லை தம்பி" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, எங்களுக்கு மக்கன் பேடா எடுத்துவரச் சொன்னார்.

என் மனைவிக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "அடுத்த தடவை இதைப் போட்டுக்கொண்டுதான் மலைக்கு வருவேன்" என்கிறாள். மண்வெட்டியையும் கோணிப்பையையும் இப்போதே பரண்மேல் எடுத்து வைத்தாகிவிட்டது!