கோச்சை மாத்துங்க!

23 அக்டோபர் 2019, புதன்

ஐ.எஸ்.எல். கால்பந்து, ஆறாவது சீசன். நம் சென்னையின் எஃப்.சி.க்கு முதல் ஆட்டமே கோவாவில். 0-3.

கொடைக்கானல் மூஞ்சிக்கல் டீக்கடையை ஆட்டத்துக்காகவே கடைக்கார அண்ணன் அடைக்காமல் வைத்திருந்தார். வெளியே தூறல், உள்ளே ஏழெட்டுப் பேர். டூங்கல் ஒன்று போட்டார், இடைவேளைக்குப் பிறகு கோரோ, கடைசியில் கார்லோஸ் பெனா. மூன்றாவது விழுந்ததும் அண்ணன் பாய்லரைக் கழுவப் போய்விட்டார். "போன வருஷம் விட்ட எடத்துலயே ஆரம்பிக்கிறாய்ங்க சார்" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

போன வருஷக் கணக்கை எழுதவே கை கூசுகிறது. 18 ஆட்டம். 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. அதற்கு முந்தைய சீசனில் கோப்பை வாங்கியதும் இதே சென்னையின் எஃப்.சி.தான். இரண்டுக்கும் கோச் ஒரே ஆள், ஜான் கிரெகரி.

27 அக்டோபர், ஞாயிறு, தீபாவளி

ஏரிச் சாலையில் காலையிலிருந்து வண்டி நகரவில்லை. மதுரைக்காரர்களும் கேரளாக்காரர்களும் தீபாவளியை இங்கேதான் கொண்டாடுகிறார்கள் போல. அக்கா குடும்பம் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தது. மருமகன் பிளஸ் ஒன் படிக்கிறான், ஆர்சனல் ரசிகன். அதிரசத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

சென்னையில் மும்பையோடு 0-0. பந்து நம் காலில் நிறைய நேரம் இருந்தது, கோல் பக்கம் போனால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "நூத்தியெம்பது நிமிஷம் மாமா, ஒரு கோல் இல்ல" என்றான் மருமகன். அக்கா உள்ளேயிருந்து, "தீபாவளியும் அதுவுமா இந்த இழவையா பாக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி.

30 அக்டோபர், புதன்

ஏ.டி.கே.யிடம் 0-1. இடைவேளை முடிந்து வந்த சூட்டில் டேவிட் வில்லியம்ஸ் அடித்தார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் இருந்தும் பதில் இல்லை.

டாக்ஸி ஓட்டும் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "கோச்சை மாத்துங்கடா மொதல்ல!" கடை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நான் மட்டும் ஆள் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். 2018 இறுதிப் போட்டியில் தலையால் இரண்டு கோல் போட்ட மைல்சன் ஆல்வெஸ் இல்லை. மூன்றாவது கோல் போட்ட ரஃபேல் அகஸ்டோ இப்போது பெங்களூருக்கு ஆடுகிறார். ஜெஜெ முழங்கால் காயத்தில் கிடக்கிறார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி எல்லாம் புதுசு, ஒருவர் ஓட்டம் ஒருவருக்குப் பழக வேண்டாமா?

"அந்த ஆளுங்களை எடுக்கச் சொன்னது யாரு சார்?" என்றான் தம்பி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரை எடுப்பது என்பதில் கோச்சின் பங்கு எவ்வளவு, முதலாளிகளின் பங்கு எவ்வளவு என்று கிளப்புக்கு வெளியே இருக்கிற எவனுக்குத் தெரியும்?

4 நவம்பர், திங்கள்

பயர்ன் மியூனிக் நேற்று நிக்கோ கோவாச்சை அனுப்பிவிட்டது. சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1-5. போன சீசனில்தான் லீகையும் கோப்பையையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பள்ளியில் இன்று ஒரு அப்பா வந்தார். பையனைப் பதினோரு பேரில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார். அவன் ஓடுகிறான், ஆனால் பந்து போன பிறகு ஓடுகிறான் என்று எப்படிச் சொல்வது? பயிற்சிக்கு ஒருநாள் வந்து பாருங்கள் என்றேன். "பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பி.டி. வாத்தியாருக்கே இந்தப் பாடு.

10 நவம்பர், ஞாயிறு

பெங்களூரு கண்டீரவாவில் 0-3. பார்தலு, சேத்ரி, கடைசியில் செம்போய். நான்கு ஆட்டம், 360 நிமிடம், நாம் போட்டது பூஜ்யம், வாங்கியது ஏழு. இந்த சீசனில் பெங்களூருக்கு முதல் வெற்றியே நாம் கொடுத்ததுதான்.

தோற்ற மைதானம்தான் இன்னும் உறுத்துகிறது. 17 மார்ச் 2018 அன்று இதே கண்டீரவாவில், இதே பெங்களூரை 3-2 என்று கவிழ்த்துத்தான் இரண்டாவது கோப்பையைத் தூக்கினோம். சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். அதற்குப் பிறகு திரும்பி வந்த அணி அது. அன்று கிரெகரியைத் தலையில் வைத்துக் கூத்தாடினோம். ஆஸ்டன் வில்லாவை 2000-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குக் கொண்டுபோன மனுஷன் நம் ஊருக்கு வந்திருக்கிறார் என்று டீக்கடையில் பாடமே நடத்தியிருக்கிறேன்.

இன்று அண்ணன் கேட்டார்: "கோப்பை குடுத்தாரு, சரி. அதுக்கு எத்தனை வருஷம் சார் வட்டி கட்டணும்?"

16 நவம்பர், சனி

சர்வதேச ஆட்டங்களுக்காக லீகுக்கு விடுமுறை. வியாழக்கிழமை துஷான்பேயில் ஆஃப்கானிஸ்தானோடு இந்தியா 1-1. தோற்க வேண்டிய ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் காப்பாற்றியது டூங்கல், போன மாதம் நம் வலையில் போட்ட அதே ஆள். இந்திய அணியின் கோச் ஸ்டிமாச்சையும் மாற்றச் சொல்லிக் கடையில் ஒரு கட்சி உருவாகிவிட்டது.

கஜா புயல் அடித்து இன்றோடு ஒரு வருடம். மரம் விழாத தெரு இல்லை, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன சீசனில் நம் அணி தோற்பதைக் கொஞ்ச நாளாவது பார்க்காமல் இருக்க முடிந்தது கஜா புண்ணியத்தில்தான் என்றான் தம்பி. சிரித்துத் தொலைத்தோம்.

20 நவம்பர், புதன்

நேற்று மஸ்கட்டில் ஓமனிடம் இந்தியா 0-1. இரவோடு இரவாக லண்டனிலிருந்து இன்னொரு செய்தி: டாட்டன்ஹாம் பொச்செட்டினோவை நீக்கிவிட்டது. ஜூன் மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் நின்றவர். இன்று அவர் நாற்காலியில் மொரின்யோ.

இதைப் படித்தபோதுதான் நம் வயிற்றெரிச்சலின் காரணம் கொஞ்சம் பிடிபட்டது. அங்கே கடைசி மூன்று இடத்தில் முடித்தால் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும், வருமானம் போகும். கிளப்பே நடுங்கும். ஐ.எஸ்.எல்லில் இறக்கம் கிடையாது. கடைசியில் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீகில் அதே இடம். முதலாளிகளான அபிஷேக் பச்சனுக்கோ தோனிக்கோ அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தோல்விக்கு விலை கொடுக்கக்கூடிய ஒரே ஆள் கோச்தான். போன வருஷம் அவரும் கொடுக்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த ரசிகர் கூட்டங்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும்தான் கொடுத்தார்கள். "கோச்சை மாத்து" என்று கத்துகிறவன் எல்லாம் கோச்சை வெறுக்கிறவன் இல்லை. கோபத்துக்கு ஒரு விலாசம் வேண்டும்; கிளப் வெளியே எழுதி வைத்திருக்கிற விலாசம் அது ஒன்றுதான்.

25 நவம்பர், திங்கள்

இப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. சென்னையில் ஹைதராபாத். 90 நிமிடம் முடிந்தும் 0-0. ஆக மொத்தம் 450 நிமிடம் கோல் இல்லை. அண்ணன் டம்ளர்களைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்துவிட்டார். கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி அடித்தார்! கடையே எழுந்து நின்றது. குதித்து முடிப்பதற்குள் கில்கேலன் தலையால் சமன் செய்துவிட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். அவன் இல்லாத நேரத்தில் வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டார். 2-1.

தம்பி திரும்பி வந்து நம்ப மறுத்தான். ரீப்ளே பார்த்த பிறகு, "இனிமே நான் வெளியவே நிக்கிறேன் சார்" என்றான்.

வென்றது சந்தோஷம்தான். ஆனால் புள்ளிப் பட்டியலில் கடைசிப் பக்கம் கிடக்கிற ஒரு புது அணியை மூச்சுத் திணறித் தாண்டியிருக்கிறோம். அதைக் கடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீ கிடைத்திருக்காது.

28 நவம்பர், வியாழன்

ஒடிசாவோடு 2-2. வால்ஸ்கிஸ் இரண்டு முறை முன்னிலை வாங்கிக் கொடுத்தார்; ஒரு முறை சிஸ்கோ, ஒரு முறை அரிடானே திருப்பிக் கொடுத்தார்கள். சொந்த மைதானத்தில் இரண்டு தடவை கையில் வந்ததைக் கீழே போட்டால் அது துரதிர்ஷ்டம் இல்லை. முன்னிலை வந்தவுடன் நடுக்களத்தில் யார் பின்னால் இறங்குவது என்று அவர்களுக்குள் பேச்சே இல்லை. இது பயிற்சியில் சரிசெய்ய வேண்டிய விஷயம், கோச்சின் வேலை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. போட்டது 4, வாங்கியது 10.

இன்று நானும் தம்பி கட்சிக்கு மாறிவிட்டேன். ஆள் மாறினார்கள், காயம் பட்டார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இருக்கிற ஆளை வைத்து அடுத்த வாரம் என்ன மாறும் என்று கேட்டால், கிரெகரியிடமிருந்து இரண்டு சீசனாகப் பதில் வரவில்லை.

29 நவம்பர், வெள்ளி

மருமகன் போன். "மாமா, எமெரியை அனுப்பிட்டாங்க!" நேற்று ராத்திரி ஆர்சனலும் சொந்த மைதானத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் 1-2. ஏழு ஆட்டமாக வெற்றி இல்லை. பையன் குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம். உனக்கு யார் வேண்டும் என்று கேட்டேன். "யாரு வந்தாலும் சரி மாமா." எல்லா ஊர் ரசிகனுக்கும் ஒரே தேர்தல் அறிக்கைதான்.

1 டிசம்பர், ஞாயிறு

ஜான் கிரெகரி போய்விட்டார். நேற்று கிளப்பே அறிவித்துவிட்டது.

விடிகாலையிலிருந்து மழை. சந்தையில் கேரட் கூடைகளெல்லாம் தார்ப்பாய்க்குள். வெங்காயம் கிலோ நூறைத் தாண்டி நிற்கிறது. கடையில் பஜ்ஜி போடவில்லை, அதற்கும் கிரெகரிதான் காரணம் என்றார் அண்ணன்.

வெடி போடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் துள்ளவில்லை. தம்பிதான் சொன்னான், "அந்த ஆளு பெங்களூர்ல கோப்பையோட நின்னப்ப என் வண்டில ரெண்டு நாள் நீலக்கொடி கட்டியிருந்தேன் சார்." பேச்சு 2015-க்குப் போனது. அந்த சீசனின் நடுவில் பட்டியலில் கடைசியில் கிடந்த அணி. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மிதந்ததால் அரையிறுதியைப் புனேவில் போய் ஆடியது. இறுதிப் போட்டியில் மெண்டோசாவின் கடைசி நேர கோலில் கோவாவைக் கோவாவிலேயே வென்றது. அப்போது கோச் மாட்டராஸியை யாரும் பாதியில் அனுப்பவில்லையே என்று ஒரு கிழவர் கேட்டார். பொறுத்தவர்கள் வென்ற கதைதான் நினைவில் நிற்கும். பொறுத்து, போன வருஷம் மாதிரி கடைசியில் வந்த கதையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போகும்போது இரண்டாவது கோப்பை அவர் கொடுத்தது என்பதை இந்தக் கடை ஒத்துக்கொண்டது, அது போதும்.

5 டிசம்பர், வியாழன்

புது கோச் ஓவன் கோய்ல். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடியவர். 2009-ல் பர்ன்லியைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றி, அதே ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்றவர். பிறகு போல்டன், விகன், பிளாக்பர்ன் என்று ஒரு சுற்று. கடைசியாக இருந்த ரோஸ் கவுண்ட்டி 2018-ல் கீழே இறங்கியது.

"இவரும் இறங்குனவருதானா?" என்றார் அண்ணன்.

எனக்கு மனசு கோயம்புத்தூருக்குப் போனது. மார்ச் 9 அன்று பழனி இறங்கி நேரு ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். சென்னை சிட்டி மினர்வாவை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் வாங்கிய நாள். மூன்றாவது நிமிடமே கோல் வாங்கியும் பதறாத அணி. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். பெரிய லீகில் பேர் வாங்கியவர் இல்லை. பின்னாலிருந்து பந்தை எப்படிக் கொண்டுவருவது என்று ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்திருந்தது. அந்த அணியில் ஆடிய நம் எட்வின் வான்ஸ்பால்தான் இப்போது சென்னையினில் இருக்கிறார். கோய்லின் பழைய பெருமையை விட்டுவிடலாம். எட்வினுக்கும் நடுக்களத்தில் ஆடும் தாப்பாவுக்கும் முன்னிலையில் இருக்கும்போது எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுத்தால் எனக்குப் போதும்.

10 டிசம்பர், செவ்வாய், கார்த்திகை

நேற்று ஜாம்ஷெட்பூரில் கோய்லின் முதல் ஆட்டம். முதல் பாதியில் வால்ஸ்கிஸ் அடித்தார். முடியப்போகிற நேரத்தில் ஐசக் திருப்பிவிட்டார். 1-1.

வித்தியாசம் தெரிந்தது என்பேன். பந்து போனதும் உடனே இரண்டு பேர் விரட்டினார்கள், சாங்தேவுக்கு ஓட இடம் கிடைத்தது. ஆனால் முன்னிலை மறுபடியும் கைநழுவியது. அதே வியாதி, வேறு டாக்டர்.

இன்று காலை பொரி உருண்டை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவன் டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். அண்ணன் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். கடைசி பத்து நிமிடத்தில் ஏன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்கள், யாரை எப்போது மாற்றியிருக்க வேண்டும் என்று முழுப் பட்டியல்.

"வந்து ஒரு மேட்சுதானேண்ணே ஆச்சு" என்றான் தம்பி.

"கிரெகரிக்கும் மொதல்ல ஒரு மேட்சுதாண்டா இருந்துச்சு."

20-ம் தேதி வெள்ளிக்கிழமை கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னைக்கு வருகிறது. அரையாண்டுத் தேர்வு சமயம், ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற முடியாது. ஏழரை மணிக்குக் கடையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி வாசலிலேயே நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.