பல்சக்கரம் கற்பித்த பாடம்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அது விரலுக்கு மட்டுமன்று, காரின் கியருக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு எங்கள் வீட்டில் கண்கூடாகக் கண்டோம். "பெண் பிள்ளைகளுக்குக் கியர் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழியரே! விகிதக் கணக்குத் தெரிந்தவர் எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

எங்கள் அப்புச்சி சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் அவர் வாங்கிய பழைய அம்பாசிடர் கார் ஒன்று எங்களிடம் உண்டு. அது 1972-ஆம் ஆண்டின் மார்க் 2 வகை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அம்பாசிடரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரித்தனர். எங்கள் வண்டியில் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் நான்கு முன் கியர்களும் உள்ளன. கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். இதை 'ஹேண்ட் கியர்' என்பர்.

இந்த வண்டி சில ஆண்டுகளாகக் கொட்டகையிலேயே நின்றது. கியர் பெட்டி தேய்ந்து, ஓட்டும்போது மூன்றாம் கியர் தானே விடுபட்டு நியூட்ரலுக்கு வந்துவிடும். அதைச் சீர்செய்ய வேண்டிய தேவை இவ்வாண்டு வந்தது. அம்முச்சியின் அக்காள் கோத்தகிரியில் நோயுற்றுப் படுக்கையில் இருக்கிறார். மலையிறங்கி வர அவரால் இயலாது. மூட்டு அறுவை செய்துகொண்ட அம்முச்சியால் பேருந்துப் படியேற முடியாது. மாதம் ஒருமுறையாவது அக்காளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்புச்சிக்குப் பார்வை மங்கிவிட்டதால், இனி வண்டியை ஓட்ட வேண்டியவர் எங்கள் அம்மா.

கியர் பெட்டியைக் கழற்றியதும் வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன.

முதலாவது மாமாவுடையது. அம்பாசிடரில் 1990-களில் இசுசு நிறுவனத்தின் 1,800 சி.சி. எஞ்சின் வந்தபோது, அதனுடன் ஐந்து கியர் பெட்டியும் வந்தது. "அந்தப் பெட்டியைப் போட்டுட்டா அவிநாசி ரோட்டுல சத்தமே இல்லாமப் போலாமுங்கப்பா" என்றார் மாமா. இரண்டாவது, மெக்கானிக் சொன்ன யோசனை: பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் பல்சக்கரங்களை மட்டும் வேறு விகிதத்திற்கு மாற்றுவது. மூன்றாவது அப்புச்சியின் கட்சி: எதையும் மாற்றாமல் இருப்பதைப் புதுப்பிப்பது.

அப்புச்சி எங்கள் இருவரையும் அழைத்தார். "மில்லுல நாப்பதாம் நம்பர் நூல்ல இருந்து அறுபதுக்குப் போனா, முறுக்கு வீலை மாத்தோணும் கண்ணு. மெஷினும் அதேதான், மோட்டாரும் அதேதான். வீலுதான் நூலுக்குத் தகுந்தாப்பல இருக்கோணும். வண்டி எந்த ரோட்டுல போகுதுன்னு பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

உடனே பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்றோம். பின் அச்சைத் திறந்து வைத்திருந்தார்கள். பினியனில் 8 பற்கள், கிரவுன் சக்கரத்தில் 39. வகுத்தால் 4.875 வருகிறது. டாப் கியரில் எஞ்சின் சுற்று அப்படியே நேராகச் செல்வதால், எஞ்சின் 4.875 முறை சுழன்றால் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். முதல் கியரில் பெட்டியின் உள்தண்டு மூன்றரை முறைக்குச் சற்று அதிகமாகச் சுழன்றால்தான் வெளித்தண்டு ஒருமுறை சுழன்றது. அதை 3.6 எனக் கொண்டு 4.875-ஆல் பெருக்கினோம். ஏறக்குறைய பதினேழரை! முதல் கியரில் எஞ்சின் பதினேழரை முறை உழைத்துச் சக்கரத்தை ஒரே ஒரு முறை திருப்புகிறது.

டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு 667 முறையும், எஞ்சின் 3,250 முறையும் சுழலும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என வைத்துக்கொண்டால் எஞ்சின் 2,760 சுற்றோடு நின்றுவிடும். சத்தம் குறையும், தேய்மானமும் குறையும். மாமா சொன்னதில் உண்மை இருந்தது.

ஆனால் எங்கள் பாதை எது? சிங்காநல்லூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய சமவெளி. அதன்பின் கோத்தகிரி வரை உள்ள சுமார் 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலை எல்லோரும் அறிவோம். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான இடங்களில் இரும்புச் சக்கரம் வழுக்காதிருக்க, தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசையையே பதித்திருக்கிறார்கள். மலையின் முன் எந்த எந்திரமும் பணிந்துதான் போக வேண்டும்!

எங்கள் இயற்பியல் ஆசிரியையான சகோதரியிடம் கணக்கைக் காட்டினோம். அவர் புன்னகையுடன், "பல்சக்கரம் புதிதாக எதையும் படைப்பதில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும். விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும். உங்களுக்கு எது தேவை?" என்று கேட்டார். ஐந்து பேருடன் வண்டியின் எடை 1,500 கிலோ என்று கொள்வோம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் இடத்தில் அதைப் பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் 125 கிலோ எடைக்குச் சமம். எங்களுக்குத் தேவை விசையே என்பது தெளிவாயிற்று.

பிறகு ஒவ்வொரு கருத்தையும் எடைபோட்டோம். பின் அச்சை 43-க்கு 10 பற்கள், அதாவது 4.3 விகிதத்திற்கு மாற்றினால் சமவெளியில் நன்மைதான். ஆனால் அச்சு எல்லாக் கியர்களுக்கும் பொதுவானது. முதல் கியரின் பதினேழரையும் பதினைந்தரையாகக் குறையும். இழுவிசையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போய்விடும். ஐந்து கியர் பெட்டியோ வலுவான எஞ்சினுக்கென அமைந்தது. பழைய எஞ்சினோடு அது நேராகப் பொருந்தாது. இடையே தகடு செய்து பொருத்தி, புரொப்பல்லர் தண்டின் நீளத்தை மாற்றி, கியர்த் தண்டுக்காகத் தரையையும் வெட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் மலையில் ஐந்தாம் கியருக்கு வேலையே இல்லை. எங்கள் மாதாந்தரப் பயணத்திற்குப் பழைய பெட்டியே தக்கது என்று எழுதிக் கொடுத்தோம். மாமா தாளை இருமுறை படித்துப் பார்த்து, "கணக்கு சரிதானுங்கப்பா" என்று ஒப்புக்கொண்டார்.

தேய்ந்த பேரிங்குகள், சிங்க்ரோ வளையங்கள், கியரைப் பிடித்து நிறுத்தும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும், கிளட்ச் தட்டு ஆகியவற்றைப் புதிதாகப் போட்டனர். சிங்க்ரோ என்பது, சேரவேண்டிய இரு பாகங்களையும் உராய்வின் மூலம் ஒரே வேகத்திற்குக் கொண்டுவரும் அமைப்பு. 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் அது முதன்முதல் வந்தது. எங்கள் பெட்டியில் மேல் மூன்று கியர்களுக்கு மட்டுமே அது உண்டு. முதல் கியருக்கு இல்லை.

எனவே அம்மா ஒரு வித்தையைக் கற்க வேண்டியதாயிற்று. அப்புச்சி பக்கத்தில் அமர்ந்து கற்பித்தார். "கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வா அம்மிணி. இப்பக் கிளட்சை விடு. ஆக்சிலேட்டரை லேசா ஒரு மிதி. திரும்பக் கிளட்சை மிதிச்சுப் பர்ஸ்ட்டுல போடு. பல்லு கடிக்கிற சத்தம் கேட்டா, வண்டி நின்னப்பறம் போடு, அவசரம் வேண்டாம்." பத்து நாட்கள் மாலைதோறும் அம்மா பழகினார். பத்தாம் நாள் சத்தமே இல்லை.

ஈஸ்டர் விடுமுறையில் கோத்தகிரிக்குப் புறப்பட்டோம். ஏற்றத்தில் பெரும்பாலும் இரண்டாம் கியரிலும், இறுக்கமான கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் வண்டி ஏறியது. புதிய கார்கள் எல்லாம் எங்களை முந்திச் சென்றன. அம்மா ஒதுங்கி வழிவிட்டார். நடுவில் ஒருமுறை நிறுத்தி எஞ்சினைச் சற்று ஆறவிட்டோம். அக்காளும் தங்கையும் கைகளைப் பற்றிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நெடுநேரம் அமர்ந்திருந்ததைப் பார்த்தபோது, எங்கள் கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது.

ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. அப்போதுதான் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் சூடேறிச் செயலிழக்காது. ஏறுவதற்கு வேண்டிய பொறுமை இறங்குவதற்கும் வேண்டும் அல்லவா?

அன்புத் தோழியரே! இறைவன் நமக்கு அளித்திருக்கும் ஆற்றல் அளவோடு அமைந்ததே. அதை வேகமாக்குவதா, விசையாக்குவதா என்று தேர்ந்தெடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. தேர்வு நாளில் ஒருத்தி விரைந்து முடிப்பாள்; மற்றொருத்தி மெல்ல எழுதுவாள். வீட்டுச் சுமையோடு படிக்கும் தோழிக்கு ஒவ்வொரு நாளும் ஏற்றமே; அவள் சிறிய கியரில்தான் வர முடியும். அவளை முந்திச் செல்வோர் அவளை எளியவளாக எண்ண வேண்டாம். அவளும் பிறர் வேகத்தைக் கண்டு கலங்க வேண்டாம். நம் சுமையையும் பாதையையும் அறிந்து, அதற்குத் தக்க பல்லைப் பொருத்திக்கொண்டால், மெல்லச் சென்றாலும் மலையுச்சியை அடைவோம் என்பது திண்ணம்.