பெரியம்மாவின் பாட்டுப் பெட்டி



சென்ற வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். எங்கள் சபையில் வளர்ந்தவர். இப்போது அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் தனியாக இருக்கிறார். "ஐயா, அம்மாவுக்குப் பாட்டுக் கேக்குற பெட்டி ஒண்ணு வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். எது நல்லது?" என்று கேட்டார். ஒரு நிமிடத்தில் விடை சொல்லியிருக்கலாம். "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன் தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

காரணம், அப்படியொரு பெட்டியை நானும் ஒருமுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் இதுவரை முழுமையாக யாரிடமும் சொன்னதில்லை. இந்த வாரம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சபையில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. நானும் அப்படியே அழைப்பேன். அவர் என்னை "ஐயரே" என்பார். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள எத்தனையோ பெண்களைப் போல அவரும் பன்னிரண்டு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலைக்குக் கையும் கண்ணும் வேண்டும். வாய்க்கு அங்கே வேலையில்லை. ஆகவே அடுக்கிக்கொண்டே கீர்த்தனை படிப்பார்களாம். (நெல்லைச் சீமையில் பாட்டைப் படிப்பது என்பதே வழக்கு. இறையியல் கல்லூரியில் வெளிமாவட்ட நண்பர்கள் இதற்காக என்னைக் கேலி செய்திருக்கிறார்கள்.) எழுபத்தெட்டு வயதில் பெரியம்மாவுக்குப் பார்வை போயிற்று. கண்புரை என்றால் அறுவை செய்து மீட்டிருக்கலாம். அவருக்கு வந்தது கண்நீர் அழுத்த நோய். அதில் போன பார்வை திரும்புவதில்லை. வேதம் வாசிக்க முடியாமல் போனதே அவருக்குப் பெருந்துக்கம். பாட்டுக்குக் கண் தேவைப்படவில்லை. நூறு கீர்த்தனைக்கு மேல் மனப்பாடம்.

2019 கிறிஸ்துமசுக்கு அவருக்கு ஒரு பெட்டி வாங்கினேன். பேருந்து நிலையத்தருகே ஒரு செல்போன் கடையில், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி. மெமரி கார்டு போடலாம், எஃப்.எம். கேட்கலாம், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஐந்தாறு மணி நேரம் பாடும். கடைக்காரப் பையன் மேலும் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்நூறு கிறிஸ்தவப் பாடல்களை ஏற்றிக் கொடுத்தான். அவற்றைப் பாடியவர்களுக்கோ இசையமைத்தவர்களுக்கோ அந்த நூறு ரூபாயில் ஒரு காசும் போயிராது என்பது எனக்குத் தெரியாததல்ல. களவு செய்யாதிருக்கக் கற்பிக்கும் போதகன், களவுப் பிரதியைக் கிறிஸ்துமஸ் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அதை அறிக்கையிட்டு மேலே செல்கிறேன்.

இந்தக் கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சட்டைப்பைக்குள் ஆயிரம் பாட்டு என்ற விளம்பரத்தோடு ஆப்பிள் நிறுவனம் ஐபாடைக் கொண்டுவந்தது 2001 அக்டோபரில். அதன் கொள்ளளவு 5 ஜி.பி. மனிதக் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு மீதியைச் சுருக்கி வைக்கும் எம்.பி.3 முறையால்தான் அது இயன்றது. 2022-ல் ஐபாட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. செல்போன் அதை விழுங்கிவிட்டது. கரிசலில் ஐபாடைப் பார்த்தவர்கள் குறைவு. நம் ஊர்களுக்கு இது வந்தது, கடைகளில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் மெமரி கார்டு வழியாக. 2017-ல் சரிகம நிறுவனம் கார்வான் என்ற பெட்டியை வெளியிட்டது. உள்ளே ஐயாயிரம் பழைய பாடல்கள், வெளியே திருகவும் அழுத்தவும் சில குமிழ்கள். செல்போன் பழகாத முதியவர்களை எண்ணிச் செய்த பெட்டி அது. வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாக வாங்கி அனுப்பும் பொருளாகவே அது பேர்பெற்றது. திருப்பூர்த் தம்பியின் எண்ணமும் அதே வழியில் வந்ததுதான்.

பெட்டியால் விளைந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பார்வையற்றவருக்குச் செல்போன் திரை வழவழப்பான கண்ணாடி. விரலுக்கு அதில் பிடிமானமில்லை. பெட்டியின் குமிழ்களைப் பெரியம்மா இரண்டே நாளில் தடவிப் பழகிக்கொண்டார். சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுகளை ஒரு கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். பார்வை போனபின் முதன்முறையாக நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒழுங்காகக் கேட்டு முடித்ததாக எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். மூன்று மாதத்தில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. இளைஞர்கள் செல்போனில் ஆராதனை பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு அந்தப் பெட்டிதான் ஆலயம். தூக்கம் வராத இரவுகளில் அது ஒரு மனிதக் குரல்.

இதைத்தான் ஜாய் ரிடர்ஹாஃப் அம்மையாரும் நம்பினார். ஹோண்டுராஸ் நாட்டில் ஊழியம் செய்து, நோயுற்று லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பியவர் அவர். தாம் இனிப் போக முடியாத கிராமங்களுக்குச் செய்தியாவது போகட்டும் என்று ஸ்பானிய மொழியில் இசைத்தட்டுகள் தயாரித்தார். 1939-ல் தொடங்கிய காஸ்பல் ரெக்கார்டிங்ஸ் ஊழியம் அதிலிருந்து பிறந்தது. மின்சாரமற்ற ஊர்களுக்கென்று, அட்டையை மடித்துச் செய்து கையால் சுழற்றும் ஒரு கருவியைக்கூடப் பிற்காலத்தில் அவர்கள் உருவாக்கினார்கள். போக முடியாதவர் குரலை அனுப்பினார்.

என் வீட்டிலிருந்து பெரியம்மாவின் வீடு மூன்று கிலோமீட்டர்.

ஊரடங்குக்கு முன்பு வெள்ளிதோறும் போவேன். கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் அது மாதம் ஒருமுறையாயிற்று. பிறகு அதுவும் தவறியது. அந்தத் தெருவைக் கடக்கும்போது பெட்டியின் ஓசை கேட்கும். 'பெரியம்மா நன்றாக இருக்கிறார்' என்று மனம் சொல்லும், வண்டி நிற்காமல் போகும். சவுல் கலங்கிக் கிடந்தபோது ஈசாய் சுரமண்டலத்தை மட்டும் கொடுத்தனுப்பவில்லை, மகனையே அனுப்பினான். இந்தப் பகுதியைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

2021-ன் இறுதியில் ஒரு நாள் வீட்டு நற்கருணை கொடுக்கப் போனேன். நான்கு மாதம் கழித்துப் போகிறேன். திருவிருந்துக்குமுன் ஒரு கீர்த்தனை படிப்போம் என்றேன்.

"பொட்டியிலே இருக்கு ஐயரே, போடட்டுமா?"

"நீங்களே படிங்க பெரியம்மா."

தொடங்கினார். இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டார்.

"நான் இத்தனை வருசமும் தப்பாத்தான் படிச்சிருக்கேன் ஐயரே. பொட்டியிலே வேற மாதிரி வருது. மெட்ராசுல பெரிய பெரிய ஆளுக படிச்சது. அதுதான சரியா இருக்கும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

தப்பு என்று அவர் சொன்னது எதை? நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். சுரம் இருக்காது. மெட்டு புத்தகத்தில் இல்லை, வாயில்தான் இருந்தது. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சையில் 1864-ல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் ஊர் ஊராகப் பரவிய காலத்தில் ஒலிப்பதிவு என்பதே இல்லை. 1854-ல் ராக்லாந்து ஐயர் கூடாரங்களோடு இந்த வட திருநெல்வேலிக் கரிசலில் கிராமம் கிராமமாகச் சுற்றத் தொடங்கினார். நான்கே ஆண்டில் சிவகாசியில் மரித்தார். அவருக்குப் பின் வந்த உபதேசியார்களும், அவர்களிடம் கற்ற தாய்மாரும் வாய்வழியே பாட்டைக் கொண்டுசென்றார்கள். ஒரே கீர்த்தனை ஒவ்வொரு ஊரிலும் சற்று வேறாக நெளிந்தது. ஒப்பாரியின் இழுப்பு ஓரூரில் வந்து சேர்ந்தது, களையெடுப்பின் துள்ளல் இன்னோர் ஊரில். பெரியம்மா படித்த மெட்டு அவருடைய தாயார் ஊர் மெட்டு. சட்டத்தில் குச்சி அடுக்கும் வேகத்துக்கு ஏற்றபடி பிறகு இறுகியது. அதைத்தான் அவர் தப்பு என்றார்.

நான் படித்தது மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில். தியோபிலஸ் அப்பாவு ஐயா, அதாவது எங்கள் பரட்டை அண்ணன், அங்கே ஆசிரியர். மக்களின் இசையில் பாடுகிறவருக்குப் பாட்டைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை அவரிடமிருந்துதான் கற்றோம். 2005-ல் அவர் காலமானபோது கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். பெட்டி வாங்கிய அன்று அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. முன்பெல்லாம் மாலை ஏழு மணிக்குப் பெரியம்மா படிக்கத் தொடங்கினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று நான்கு பேர் திண்ணையில் வந்து உட்காருவார்கள். எல்லோரும் சபையார் அல்லர். மெல்லிய கிழக்குரல், பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். பெட்டியின் சத்தமோ அவரவர் அடுப்படிவரை கேட்டது. ஆகவே யாரும் எழுந்து வரவில்லை. பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியதை மற்றக் கைதிகளும் கேட்டார்கள் என்று வாசிக்கிறோமே, அதுபோல ஒரு திண்ணை அங்கே இருந்தது. அதை நான் ஒரு பரிசுப்பொருளால் காலிசெய்திருக்கிறேன்.

இளைஞர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. நீங்கள் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்பதில் திண்ணைக்கே இடமில்லை. காதுக்கும் ஓர் எல்லை உண்டு. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்துள்ளது. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்தில் போகிறவர்கள் வண்டி இரைச்சலை அமுக்குவதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்கின்றன.

பெரியம்மாவிடம் வருகிறேன். அடுத்த வெள்ளி என் செல்போனை எடுத்துக்கொண்டு போனேன். அவர் படிப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். முதல் வாரம் மறுத்துவிட்டார். இரண்டாம் வாரம் இரண்டு பாட்டு. இப்படியே ஆறு வெள்ளிக்கிழமைகளில் பதினொரு கீர்த்தனைகள். வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. அவற்றுள் ஏழு பாடல்களில் பல்லவி பெட்டியின் மெட்டில் இருந்தது. சரணத்துக்குப் போகப் போகப் பழைய மெட்டு தலைகாட்டியது. இரண்டு வருடம் கேட்டது மேலே படிந்துவிட்டது. அவர் நினைத்தாலும் பிரித்தெடுக்க முடியவில்லை. நான்கு பாடல்கள் மட்டும் முழுசாகப் பழைய மெட்டில் தப்பியிருந்தன. அவை நான்கும் பெட்டியில் இல்லாத பாடல்கள்.

பதினொன்றையும் கார்டில் ஏற்றி அவருக்கே போட்டுக் காட்டினேன். "யாரு ஐயரே இந்தக் கிழவி?" என்று சிரித்தார். அதற்குமேல் கேட்க விரும்பவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் அந்தக் கார்டைக் கேட்டு வாங்கிப் போனார்.

2023-ன் மழைக்காலத்தில் பெரியம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் அவருக்குப் பிரியமான கீர்த்தனையைப் படித்தோம். வாலிபர்கள் கீபோர்டு கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் படித்தது பெட்டியின் மெட்டில். கூடியிருந்த எல்லோருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். நானும் அதிலேயே சேர்ந்து படித்தேன். என் சட்டைப்பையில் செல்போன் இருந்தது.

திருப்பூர்த் தம்பியை நேற்று அழைத்தேன். பெட்டி வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். விரலுக்குத் தட்டுப்படும் பெரிய குமிழ்கள் உள்ளதாகப் பாருங்கள். ஐந்நூறு பாட்டு வேண்டாம். வேத வாசிப்பை ஏற்றுங்கள், அம்மா கேட்டிராத புதிய பாடல்களை முறையாகக் காசு கொடுத்து ஏற்றுங்கள். பிறகு இதையும் சொன்னேன்: "அம்மா வழக்கமா என்னென்ன பாட்டுப் படிப்பாங்களோ, அதை மட்டும் ஏத்தாதீங்க தம்பி."

அந்தப் பக்கம் சற்று நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா என்ன பாட்டு ஐயா படிப்பாங்க? எனக்குத் தெரியலையே" என்றார்.

கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை அழைக்கவில்லை.