டம்ளர் கசிகிறதா?

2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தபோது நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண், பருவத்தின் இடையே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. பிள்ளைகள் யோசிக்க இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். சில மாதங்களிலேயே எங்கள் பள்ளியில் செயல்பாடு என்றால் சார்ட் என்று ஆகிவிட்டது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டி, அக்காவை எழுத வைத்துக் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் 18, 19. நானும் அப்படித்தான் போட்டேன்.

ஒரு சிறு தேர்வில் ஆவி சுருங்குதல் என்றால் என்ன என்று கேட்டேன். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் சரியாக எழுதியது. மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு மேசைமேல் வைத்தேன். வெளியே துளிர்க்கும் நீர் எங்கிருந்து வந்தது? பாதிப் பேர் டம்ளர் கசிகிறது என்று எழுதியிருந்தார்கள்.

தவறு போடக் கை போனது. போடவில்லை. "கசிகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

நீல மை கலக்கலாம் என்றான் ஒருவன். கலந்தோம். வெளித்துளியில் நிறமே இல்லை. வகுப்பு ஒத்துக்கொண்டது, கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மை உள்ளேயே தங்கி, தண்ணி மட்டும் வடிஞ்சிருக்கலாம்ல சார்?" எனக்கே பதில் உடனே வரவில்லை. மளிகைக் கடைக்காரர் மகள் வழி சொன்னாள்: மூடிவைத்து எடை பார்க்கலாம். உள்ளிருந்து கசிந்தால் எடை கூடாது, காற்றிலிருந்து வந்தால் கூடும். அவர்கள் கடைத் தராசு வந்தது. அரை மணி நேரத்தில் எடை சில கிராம் கூடியிருந்தது.

அந்தச் செயல்பாட்டுக்குப் பத்து மதிப்பெண். இறுதி விடைக்கு 2, சோதிக்கச் சொன்ன வழிக்கு 5, கருத்தை மாற்றிக்கொண்டால் எதனால் என்று எழுதியதற்கு 3 என்று பிரித்தேன். சிறு தேர்வுகளில் பாதியைத் தாண்டாத அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு 9 வந்தது. முதலில் கசிகிறது என்று எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த சிறு தேர்வில் ஒரே ஒரு கேள்வியையாவது, புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் விடை கிடைக்காததாகக் கேளுங்கள். வரும் விடைகளுக்குச் சரி, தவறு போடுமுன் ஒருமுறை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.