மூட்டைக்கு இடம் இருந்தது

சேலத்தில் வாழ்வோருக்கு ஏற்காடு தொலைதூரச் சுற்றுலாத் தலமன்று. வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே சேர்வராயன் மலை கண்ணில் படும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

சென்ற ஆண்டு பெருநாள் விடுமுறையில் நானும் என் துணைவியும் இரு பிள்ளைகளும் எங்கள் பழைய சிறு காரில் அங்குச் செல்லத் திட்டமிட்டோம். முதல் நாள் இரவு, இஷா தொழுகைக்குப் பின் என் தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "நானும் வரட்டுமா தம்பி? உங்க அத்தாவோட ஒரு தடவை போனது."

"வண்டி பழசும்மா. இன்னும் ஓர் ஆள் ஏறினா மலையிலே திணறும். பெட்ரோலும் கூடுதலாக் குடிக்கும்" என்றேன்.

அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் காலை ஆயத்துல் குர்ஸி ஓதி, பிள்ளைகளின் தலையில் ஊதி வழியனுப்பினார்கள்.

தாயாரை ஏற்றாமலேயே வண்டி திணறியது. பாதி மலையில் இயந்திரம் சூடேறிவிட, ஓரமாக நிறுத்தித் தண்ணீர் எடுக்க டிக்கியைத் திறந்தேன். வீடு கட்டியபோது மிஞ்சிய தரை ஓட்டுப் பெட்டி ஒன்று. விற்பதற்காக வைத்து மறந்துபோன பழைய பேட்டரி. மதரஸாவுக்கு வாங்கி இறக்காமல் விட்ட நூற்கட்டு. 20 லிட்டர் தண்ணீர்க் கேன். அரை நாள் பயணத்துக்குத் தேவையே இல்லாத பெரிய தேக்சா. பின் இருக்கையிலோ, பிள்ளைகளுக்கு நடுவே ஒரு ஜமுக்காள மூட்டை. தாயார் அமர்ந்திருக்க வேண்டிய இடம் அது.

வீடு திரும்பியதும் அத்தனையையும் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். 52 கிலோ இருந்தது. அதற்கு முந்தைய வாரம் மருத்துவரிடம் சென்றபோது தாயாரின் எடை 47 கிலோ.

மனம் கேட்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 50 கிலோ எடையை அந்த 1,200 மீட்டருக்கு மேல் தூக்கக் கூடுதலாக எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டாலும், விடை சுமார் 75 மில்லி லிட்டர். ஒரு சிறிய தேநீர்க் குவளையளவு! ஏழெட்டு ரூபாய்ப் பெட்ரோலைக் காரணம் காட்டி என் தாயை வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறேன்.

எனினும் சுமையைக் குறைப்பது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஏறத்தாழ 45 கிலோ கூடுதல் சுமை எரிபொருள் சிக்கனத்தில் 1 சதவீதத்தைக் குறைக்கிறது என்பது அமெரிக்க அரசுத் துறைகள் தரும் கணக்கு. வண்டி சிறியதானால் இழப்பு சற்று மிகும். அன்றாடம் சுமந்து திரிந்தால் ஆண்டு முழுவதும் துளித்துளியாகப் பணம் கரையும். கூரைமேல் கேரியரில் கட்டும் பெட்டியோ காற்றையும் எதிர்த்து நிற்பதால், நெடுஞ்சாலையில் அதைவிடப் பன்மடங்கு தின்னும்.

இறங்கும்போது இன்னொரு பாடம். ஏற்றத்தில் எரிபொருளைத் தின்ற சுமை, இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்குகிறது. சிலர் சிக்கனம் என்றெண்ணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை அப்போது அற்றுப்போகும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை. இக்கால வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே இறங்கினால், இயந்திரத்துக்குச் செல்லும் பெட்ரோல் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில், நாம் பெரும்பாடுபட்டன்றிச் சென்றடைய முடியாத ஊர்களுக்கு நம் சுமைகளைக் கொண்டு சேர்க்கும் கால்நடைகளை இறைவன் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். மதரஸாவில் எத்தனையோ முறை அதை ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடவிக் கொடுத்து, பட்டினி போட்டு அதிகம் வேலை வாங்கிய அதன் உரிமையாளரைக் கண்டித்த செய்தியையும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வாகனம் ஓர் அமானிதம். அதில் எதை ஏற்றுகிறோம், யாரை விட்டுச் செல்கிறோம் என்பதற்கும் கேள்வி உண்டு என்பது எனக்கு அந்த மளிகைக் கடைத் தராசில்தான் உறைத்தது.

வாசக நேயர்களே, இந்த வாரமே ஒருமுறை உங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, முதலுதவிப் பெட்டி, குடிக்கச் சிறிது தண்ணீர் ஆகியவை இருக்கட்டும். அவற்றைச் சிக்கனத்தின் பெயரால் இறக்கிவிடாதீர்கள். மற்றவற்றுக்கு வீட்டில் இடம் தேடுங்கள்.

அடுத்த மாதமே தாயாரை அழைத்துக்கொண்டு மீண்டும் மலை ஏறினோம். அவர்கள் கொண்டுவந்தது ஒரேயொரு துணிப்பை: தொழுகை விரிப்பு, தஸ்பீஹ் மணி, மாத்திரைகள். ஐந்து பேர் இருந்தும் முந்தைய பயணத்தைவிட வண்டியின் எடை குறைவுதான். வழியில் எங்கும் நிற்காமல் ஏறியது. 20ஆவது வளைவு கடந்ததும் பின்னிருக்கையிலிருந்து தாயாரின் குரல் மெல்லக் கேட்டது:

"வண்டி ஒண்ணும் திணறலையே தம்பி?"

அந்த ஒரு சொல்லை அவர்கள் இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தார்கள். "இல்லைம்மா" என்பதற்குமேல் என் நா எழவில்லை. அல்லாஹ் என் பிழை பொறுப்பானாக!